நம்பாத வழியும் நம்பும் வாயிலும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு, மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் சுவரெழுப்பி நிற்க, நடுவே முல்லையாறும் சுருளியாறும் பாய்ந்து வளப்படுத்தும் நெடிய சமவெளியாகும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் இதன் தரையில் வரிசையாக அமைந்திருக்க, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவாயில்கள் கேரளத்தின் இடுக்கிப் பகுதிக்கு வழிவிடுகின்றன. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், அன்றைய திருவிதாங்கூர் மண்ணில் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இங்கு இறங்கியது. ஏலக்காயும் தேயிலையும் அதுபோலவே அடுத்த ஆட்சியின் எல்லையைக் கடந்து வந்தன. பிறருக்கு உரிய நிலத்தின் வழியே தன் பொருளைச் சேதமின்றிக் கொண்டுவருவது எப்படி என்பது இப்பள்ளத்தாக்கின் பழைய கேள்வி. வீட்டு வைஃபை வழியாகக் கைப்பேசி அழைப்பைக் கொண்டுசெல்லும் இன்றைய ஏற்பாடும் அதே கேள்விக்கு எழுந்த ஒரு விடையே. அதன் நடுவில் நிற்கும் ‘ஈபிடிஜி’ என்னும் பாதுகாப்பு நுழைவாயிலின் வரலாற்றை, இந்த மலைவாயில்களின் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சவுக்கையும் தேயிலைப் பெட்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பண்டமாக இருந்தது. ஏலமலையில் பயிரிட்டோரில் மிகப் பலர் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட மதுரை மாவட்டத்தின் கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து மலையேறியவர்களாக இருக்க, விளைச்சலோ அரசு குறித்த விலைக்கு அரசின் கிடங்குக்கே போய்ச்சேர வேண்டியிருந்தது. மலையின் கிழக்குச் சரிவில் மனிதர் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள் எண்ணிலடங்காமல் இருந்ததால், ஒவ்வொரு பாதையையும் காவல் காப்பது எந்த அரசாலும் ஆகாத காரியமாயிற்று. சவுக்கை எனப்பட்ட சுங்கச்சாவடிகளைத் தவிர்த்துச் சமவெளிக்கு இறங்கிய கள்ளச்சரக்கு நிர்வாகத்தின் தீராத தலைவலியாக நீடித்தது. 1896இல் தனியுரிமை நீக்கப்பட்டு, விளைச்சலுக்குப் பதிலாக நிலத்தின்மீது வரி விதிக்கும் முறை வந்தது. வழிகளைக் காத்து வருவாயைக் காக்க முடியாது என்பதை அரசு ஏறத்தாழ ஒப்புக்கொண்ட நிகழ்வாக இதைக் கருதலாம்.

தேயிலை வேறொரு பாடத்தைத் தந்தது. மூணாறுப் பகுதித் தோட்டங்களின் தேயிலையை வெளியே கொண்டுவர, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று இடப்பட்டு, 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. அது டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டில் முடிய, அங்கிருந்து பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடிநாயக்கனூரை அடைந்து, அப்பால் துறைமுகத்துக்குப் புறப்பட்டன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மேலே இருந்த இருப்புப்பாதையை அழிக்கும்வரை இந்த முறை இயங்கியது. தண்டவாளம், கம்பிவடம், மாட்டுவண்டி என ஊர்திகள் மாறிக்கொண்டே இருந்தபோதும் ஆணி அறைந்து மூடிய தேயிலைப் பெட்டி இடையில் திறக்கப்படவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. சுமப்பவர் யாராக இருந்தாலும் உள்ளிருக்கும் பொருள் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்னும் இந்தக் கொள்கையைத்தான் இன்றைய வலையமைப்புப் பொறியாளர்கள் ‘டன்னல்’, அதாவது சுரங்கவழி, என்று அழைக்கிறார்கள்.

டவர் எட்டாத மலை

கைப்பேசி தமிழ்நாட்டின் மாவட்டங்களுக்கு வந்தது சென்னைக்குச் சில ஆண்டுகள் பின்தங்கியே ஆகும். சென்னை நீங்கலான தமிழ்நாடு வட்டத்தில் ஏர்செல் 1999இலும், பி.எஸ்.என்.எல். 2002இலும் கைப்பேசிச் சேவையைத் தொடங்கின. ‘வட்டம்’ என்பது தொலைத்தொடர்பு உரிமம் வழங்கப்படும் நிலப்பகுதி. மாநில எல்லையைப் பெரும்பாலும் ஒட்டி அமையும் இந்த வட்டங்களுக்குத் தனித்தனி அடையாள எண்கள் உண்டு. பி.எஸ்.என்.எல். வலையமைப்பில் தமிழ்நாட்டின் எண் 404-80, கேரளத்தின் எண் 404-72 ஆகும். இதில் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்தவை சேவை நிறுவனத்தையும் வட்டத்தையும் குறிக்கும்.

இந்த எண்களின் பொருள், போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தொழிலாளருக்கு வேறு வடிவில் தெரிந்திருந்தது. போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சமவெளியின் அலை மெல்லத் தேய்ந்து, மலைமுகட்டைத் தாண்டியதும் ‘கேரளா டவர் எடுக்கும்’. வருகிற அழைப்புக்கும் ரோமிங் கட்டணம் பிடிக்கப்பட்ட காலத்தில் அது பணச் செலவாகவும் இருந்தது. 2017 வாக்கில் நிறுவனங்கள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்ட பின்னரே அந்த எல்லைக்கோடு பயனரின் கணக்கிலிருந்து மறைந்தது. கட்டணம் மறைந்தாலும் மலை மறையவில்லை. வானொலி அலை நேர்கோட்டில் பரவும் இயல்புடையது என்பதால் மலைமுதுகு ஒன்று குறுக்கிட்டால் அதன் பின்புறம் அலைநிழல் விழும். அலைவரிசை உயர உயர அந்த நிழல் அடர்த்தியாகும். கான்கிரீட் கூரை போட்ட வீட்டுக்குள் அலை இன்னும் மங்கும். நிழல் விழும் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு டவர் நடுவது, சில பத்து வீடுகளுக்காக எந்த நிறுவனமும் செய்யத் துணியாத செலவு.

டவரை மட்டுமே நம்பியிருப்பதன் ஆபத்தைத் தமிழ்நாடு முழுவதும் 2018 பிப்ரவரியில் உணர்ந்தது. நிதி நெருக்கடியில் சிக்கிய ஏர்செல் திவால் நடைமுறையை நாடிய அந்த மாதத்தில், அதன் வாடிக்கையாளர்கள் திடீரென்று அலையிழந்து, தங்கள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக் கடைகளில் வரிசையில் நின்றனர். அதே ஆண்டுகளில் கேபிள் தொலைக்காட்சி நடத்துவோர் ஒளியிழை வழி இணையத்தையும் வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்ததால், டவர் எட்டாத வீட்டிலும் இணையம் எட்டும் நிலை உருவாகிக்கொண்டிருந்தது. அந்த இணையத்தைக் கைப்பேசி நிறுவனத்தின் உள்வலையோடு இணைக்கும் வாயில் மட்டுமே எஞ்சியிருந்த தேவை.

வாயிலின் பிறப்பு

வைஃபை என்று வழங்கும் கம்பியில்லா உள்ளூர் வலையமைப்புக்கான முதல் தரநிலை 1997இல் வெளியானது. அதன் தொடக்கக் காலப் பூட்டான ‘வெப்’ என்னும் மறையாக்க முறையை 2001இல் ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டியபோது, வைஃபையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பது தொழில்நுட்ப உலகின் பொதுக்கருத்தாயிற்று. ஆனால் அது மலிவு. உரிமக் கட்டணமில்லா அலைவரிசையில் இயங்குவது. இந்தியாவிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005இல் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது. ஆகவே கைப்பேசி நிறுவனங்கள் வைஃபையை ஒதுக்கவும் முடியாமல், தம் வலையமைப்புக்குள் அப்படியே அனுமதிக்கவும் துணியாமல் தவித்தன.

முதல் விடை, சில நிறுவனங்கள் கூடி 2004இல் வகுத்த ‘யூஎம்ஏ’ என்னும் முறை. கைப்பேசித் தரநிலைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான 3ஜிபிபி அதைத் தன் ஆறாம் வெளியீட்டில் ஏற்றுக்கொண்டதோடு, வைஃபைக்கும் கைப்பேசி வலைக்கும் இடையே பொதிநிலை நுழைவாயில் ஒன்றை நிறுத்தும் மற்றொரு வரைவையும் சேர்த்தது. அமெரிக்காவில் டி-மொபைல் 2007இல் யூஎம்ஏ முறையில் வீட்டு வைஃபை அழைப்பை விற்றது. எனினும் அதற்கென்று தனிக் கைப்பேசி வேண்டியிருந்ததால் அது பரவலாகவில்லை. 2008இன் முடிவையொட்டி உருவான எட்டாம் வெளியீடு, நான்காம் தலைமுறை வலைக்கு முழுவதும் இணையப் பொதிகளால், அதாவது தரவின் சிறு துண்டுகளால், இயங்கும் புதிய உள்வலையை வகுத்தபோதுதான், பிற வழிகளில் வருவோருக்கும் முறையான வாயில் ஒன்று அமைந்தது. ‘எவால்வ்டு பேக்கெட் டேட்டா கேட்வே’ என்னும் நீண்ட பெயரின் சுருக்கமே ஈபிடிஜி.

அந்தத் தரநிலை வெளி வழிகளை நம்பகமானவை, நம்பகமற்றவை என இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பிரிவு வைஃபையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று. ஒரு வழியை நம்புவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு சேவை நிறுவனமும் தானே எடுக்கும் முடிவு. தான் நிறுவி, தான் பராமரிக்கும் வைஃபையை நிறுவனம் நம்பகமானதாக ஏற்கலாம். தேநீர்க் கடையின் வைஃபையையும் வீட்டு வைஃபையையும் நம்பாதபடி நடத்தலாம். நம்பாத வழியில் வருபவர் ஈபிடிஜி வாயிலில் தன்னை மெய்ப்பித்த பிறகே உள்ளே வர முடியும். வழி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும் ஆசையை விட்டு, வாயிலை மட்டும் காத்தால் போதும் என்ற மனமாற்றம் இதில் அடங்கியிருக்கிறது. ஏலமலையில் சவுக்கையைச் சுற்றிச் செல்லப் பாதை இருந்ததால் காவல் தோற்றது. இங்கே கைப்பேசியே வாயிலைத் தேடிப் போவதால் சுற்றுப்பாதைக்கு வேலையில்லை.

ஓர் அழைப்பின் பயணம்

போடி அருகேயுள்ள குரங்கணிச் சரிவின் அடியில் டவர் எட்டாத ஒரு வீட்டில், கேபிள் இணையத்தின் மோடத்தோடு இணைந்த கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டால், வாயில் இயங்கும் விதம் தெளிவாகும். கைப்பேசி முதலில் தன் சிம் அட்டையில் உள்ள நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் எடுத்து, தரநிலை வகுத்த வடிவில் ஒரு பெயரை அமைத்து, அந்தப் பெயருக்குரிய இணைய முகவரி எது என்று இணையத்தின் பெயரேட்டில் கேட்கிறது. கிடைத்த முகவரியில் இருக்கும் ஈபிடிஜியின் 500ஆம் எண் துறைக்கு (போர்ட்) அது அனுப்பும் முதல் செய்தியில் இரகசியம் எதுவும் இல்லை. இரு தரப்பும் வெளிப்படையாகப் பரிமாறும் எண்களிலிருந்து, இடையில் ஒட்டுக்கேட்பவரால் கணிக்க முடியாத, இருவருக்கும் பொதுவான ஒரு சாவியை உண்டாக்குவதே அதன் நோக்கம். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட இந்த முறை, 2005இல் தரப்படுத்தப்பட்ட ‘ஐகேஇ’ இரண்டாம் பதிப்பு என்னும் நெறிமுறையின் வழியாக ஈபிடிஜிக்கு வந்துசேர்ந்தது.

சாவி உண்டானதும் ஆளடையாளம் கேட்கப்படுகிறது. கைப்பேசி தன் பதினைந்து இலக்கச் சந்தா எண்ணைச் சொல்ல, வாயில் அதை உள்ளிருக்கும் அடையாளச் சரிபார்ப்பு வழங்கிக்கு அனுப்ப, அது சந்தாதாரர் பதிவேட்டிலிருந்து ஒரு புதிர் எண்ணையும், வலையமைப்பு மெய்யானது என்பதற்கான சான்று எண்ணையும் பெற்றுத் தருகிறது. சிம் அட்டைக்குள் பதிந்துள்ள மந்தணச் சாவி அட்டையை விட்டு ஒருபோதும் வெளியேறாது. அதன் இணை, நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டும் இருக்கும். சிம் முதலில் சான்று எண்ணைச் சோதித்து, எதிரே இருப்பது தன் நிறுவனம்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே புதிருக்கு விடை கணித்துத் தருகிறது. விடை ஒத்துப்போனால் வாயில் திறக்கிறது. உள்வலையிலிருந்து கைப்பேசிக்கு ஒரு முகவரி வழங்கப்படுகிறது.

அதன்பின் குரல், ‘ஐபிசெக்’ முறையில் மறையாக்கப்பட்ட பொதிகளாகப் பயணப்படுகிறது. ஒரே இணைய முகவரியை வீட்டிலுள்ள பல கருவிகளுக்குப் பங்கிடும் மோடங்கள் இத்தகைய பொதிகளைக் கண்டு தடுமாறும் என்பதால், அவை சாதாரணப் பொதிகளின் போர்வைக்குள் சுற்றப்பட்டு 4500ஆம் எண் துறை வழியாக அனுப்பப்படுகின்றன. கேபிள் நடத்துநரின் கருவிக்குத் தெரிவது, இந்த வீட்டிலிருந்து இன்ன முகவரிக்கு இத்தனை பொதிகள் போயின என்பது மட்டுமே. அழைக்கப்பட்டவர் யார், பேசியது என்ன என்பது தெரியாது. கொட்டகுடி கம்பிவடத்தில் இறங்கிய தேயிலைப் பெட்டியைப் போல, சுமப்பவருக்குப் பெட்டியின் எடை மட்டுமே தெரியும்.

ஆயினும் ஈபிடிஜியில் பெட்டி திறக்கப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மறையாக்கம் கைப்பேசிக்கும் வாயிலுக்கும் இடைப்பட்ட வழிக்கே உரியது. அதைக் கடந்து உள்வலையில் நுழைந்த அழைப்பு, டவர் வழியாக வந்த அழைப்பைப் போலவே நிறுவனத்தின் கணக்குக்கும், உரிம நிபந்தனைகள் கோரும் சட்டப்படியான இடைமறிப்புக்கும் உட்பட்டது. பேசுவோர் இருவருக்கு மட்டுமே சாவி உள்ள வாட்ஸ்அப் அழைப்புக்கும் வைஃபை அழைப்புக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. வழியில் தேயிலைப் பெட்டியாக இருப்பது வாயிலில் சவுக்கைக்கு வந்த மூட்டையாகிறது.

இந்தியாவுக்கு வந்த விதம்

தரநிலை உருவாகிப் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே ஈபிடிஜி வழியான அழைப்பு இந்தியாவில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருந்தது. வாயில் இணையப் பொதிகளையே உள்ளே விடும்; அப்பொதிகளில் வரும் குரலைக் கையாள ‘ஐஎம்எஸ்’ எனப்படும் குரல் அமைப்பு உள்வலையில் இருக்க வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ, குரலையும் இணையப் பொதிகளாகவே அனுப்பும் வோல்ட்இ முறையில் முழுவதும் இயங்கும் வலையமைப்போடு களமிறங்கி, மற்ற நிறுவனங்களும் அவ்வழிக்கு வர நேர்ந்த பிறகே அந்த அமைப்பு நாடு தழுவியதாக ஆயிற்று. ஒழுங்குமுறையும் அந்த ஆண்டுகளில்தான் தெளிவடைந்தது. இணையத் தொலைபேசியை அலைவழிச் சேவையிலிருந்து பிரித்து அனுமதிக்கலாம் என்று 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைக்க, 2018இல் தொலைத்தொடர்புத் துறை அதற்கு வழிசெய்தது. அந்த ஆண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்னும் செயலிவழிச் சேவையை அறிவித்தது. ஆனால் அது தனிச் செயலியும் தனி எண்ணும் கோரியது. வைஃபை அழைப்புக்கோ இவை தேவைப்படவில்லை.

2019 டிசம்பரில் ஏர்டெல் முதலில் டெல்லி வட்டாரத்திலும், அம்மாத இறுதிக்குள் தமிழ்நாடு உள்ளிட்ட மேலும் சில வட்டங்களிலும் வைஃபை அழைப்பைத் தொடங்கியது. தொடக்கத்தில் அது தன் சொந்த ஒளியிழை இணைப்பில் மட்டுமே அதை அனுமதித்து, பின்னர் எந்த நிறுவனத்தின் இணையத்துக்கும் திறந்துவிட்டது. 2020 ஜனவரியில் ஜியோ எந்த வைஃபையிலும் இயங்கும்படி நாடு முழுவதும் சேவையை விரித்தது. சொந்த வழியிலிருந்து எவர் வழிக்கும் என்ற இந்த நகர்வு சில வாரங்களுக்குள் நிகழ்ந்தது. சொந்த ஒளியிழை போகாத மலையடி ஊர்களைப் பொறுத்தவரை அந்த நகர்வுதான் உண்மையான தொடக்கம். அதன்பின் இரண்டே மாதங்களில் வந்த பொதுமுடக்கம் வேலையையும் படிப்பையும் வீட்டுக்குள் கொண்டுவர, வீட்டு இணையம் வசதி என்ற நிலையிலிருந்து தேவை என்ற நிலைக்கு மாறியது.

எல்லையோரத்தில் இதற்குத் தனிப் பொருளும் உண்டு. போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புத்தடியிலும் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்கள் 2021 தொடக்கத்தில் ஒரே நேரத்தில் இணைந்து இயங்கும் மின்னேலத்துக்கு மாறிய காலத்தில், வியாபாரிகளின் பேச்சும் மலையின் இரு புறமும் இடையறாமல் ஓட வேண்டியிருந்தது. டவரில் இணைந்த கைப்பேசி, எல்லையைத் தாண்டியதும் அடுத்த வட்டத்தில் விருந்தாளியாகிறது. வைஃபையில் இணைந்த கைப்பேசியோ சிம்மின் எண்களிலிருந்து அமைத்த பெயரைக் கொண்டு தன் தாய் நிறுவனத்தின் வாயிலையே தேட முடிகிறது. இடுக்கியின் சாந்தன்பாறைத் தோட்டத்து அலுவலகத்தில் நிற்கும் தமிழ்நாட்டுக் கைப்பேசிக்கு இவ்வகையில் மாநில எல்லை ஒரு பொருட்டாவதில்லை.

வாயிலின் விரிசல்கள்

காவல் முழுவதையும் வாயிலில் குவிப்பதன் விலை, வாயிலின் சிறு குறையும் பெருங்குறையாவதே. 2016இல் பியர்ஸ் ஓ’ஹான்லனும் ரவிசங்கர் போர்கோன்கரும், போலி வைஃபை ஒன்றை அமைத்து அருகிலுள்ள கைப்பேசிகளின் சந்தா எண்களைச் சேகரிக்க முடியும் என்று காட்டினர். எதிரே இருப்பது மெய்யான வாயில்தானா என்பது உறுதியாகும் முன்பே கைப்பேசி தன் எண்ணைச் சொல்லிவிடும் வரிசைமுறையே அக்குறைக்குக் காரணம். 2024இல் ஆஸ்திரிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. உலகெங்கும் பதின்மூன்று நிறுவனங்களின் ஈபிடிஜிகள், இணைப்புக்கு இணைப்பு புதிதாக உண்டாக்க வேண்டிய இரகசிய எண்ணைப் பத்தே எண்கள் கொண்ட ஒரே தொகுப்பிலிருந்து எடுத்துவந்ததை அது வெளிப்படுத்தியது. ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுக்காரர் ஒரே சாவிக்கொத்தைக் கொடுத்ததற்கு ஒப்பானது அது.

அவசர அழைப்பு மற்றொரு சிக்கல். டவர் வழியாக வரும் அழைப்போடு டவரின் அடையாளமும் வருவதால் அழைப்பவர் ஏறத்தாழ எங்கே இருக்கிறார் என்பதை வலையமைப்பு அறியும். வைஃபை அப்படியொரு நம்பத்தக்க இடக்குறிப்பைத் தருவதில்லை. இரு மாநில எல்லை மலைமுகட்டில் ஓடும் நிலப்பரப்பில், அழைப்பை எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவது என்ற கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. இதனால்தான் அலை சிறிதளவு கிடைத்தாலும் அவசர அழைப்பை டவர் வழியாகவே முயலுமாறு தரநிலை கைப்பேசிகளுக்குக் கட்டளையிடுகிறது.

2018இல் ஐந்தாம் தலைமுறைக்கான முதல் தரநிலை வெளியானபோது ஈபிடிஜியின் பணி வேறு பெயரில் புதிய வாயில் ஒன்றுக்குக் கைமாறியது. நம்பாத வழி, நம்பும் வாயில் என்னும் பிரிவினை மட்டும் அப்படியே தொடர்ந்தது. எனினும் அந்தப் பிரிவினை பாதி உண்மையையே சொல்கிறது. குரலின் இரகசியத்தைப் பொறுத்தவரை வைஃபை வழியை நம்ப வேண்டியதில்லை. குரல் வந்துசேர்வதைப் பொறுத்தவரை அந்த வழியை நம்பாமல் தீராது. வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையோர மரம் சாய்ந்து கம்பத்தில் கட்டிய ஒளியிழை அறுந்துவிட்டால், எவ்வளவு வலிய சாவியும் வாயிலைச் சென்றடைய உதவாது. அப்போது ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஈரச் சரிவில் ஏறி, அறுந்த இழையை ஒட்டவைப்பவர், சேவை நிறுவனம் நம்பகமற்றவர் என்று வகைப்படுத்திய அதே கேபிள்காரர்தான்.